சுற்றினால்தான் சூறாவளி

எங்கள் அலுவலகத்தில் ஒரு வார்த்தையை வாய்தவறிச் சொல்லிவிட்டால் காம்பஸ் மேடம் வேலையை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்ப்பார். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. சூறாவளி.

பத்திரிகைக்காரர்களுக்கு அந்த வார்த்தை என்றால் உயிர். அமைச்சர் நாலு ஊர் போய்வந்தால் சூறாவளிச் சுற்றுப்பயணம். ஒருவர் மட்டையை நாலு வீசு வீசினால் சூறாவளி ஆட்டம். துணிக்கடையில் விற்காத சரக்கை நம் தலையில் கட்டுவதற்குச் சூறாவளித் தள்ளுபடி. எங்கள் மேனேஜர் காலையில் பேப்பரை உரக்கப் படிக்கிற ரகம். அவர் படிக்கப் படிக்க, மேடம் தன் மேஜையிலிருந்தே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார்.

“அது சுத்துச்சா சார்?”

“தள்ளுபடி எப்படிம்மா சுத்தும்?”

“அப்ப அது சூறாவளி இல்ல. வேகமா வந்தா மட்டும் போதாது சார். சுத்தணும்.”

ஒருநாள் மேனேஜர் வேண்டுமென்றே அகராதியைப் பார்த்துவிட்டு வந்தார். சூறை என்றாலே சுழல்காற்றுதானாம், கொள்ளை என்றும் ஒரு பொருள் உண்டாம், வளி என்றால் காற்றாம். ஆகவே கொள்ளையடிக்கிற காற்று எல்லாமே சூறாவளிதான் என்று வாதாடினார். மேடம் அசரவில்லை. “கொள்ளையடிக்கறதுக்கு நம்மகிட்ட வேற பாலிசி இருக்கு சார். அதை எடுத்திருக்காங்களான்னு கேளுங்க” என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். மேனேஜர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை செய்பவர்களுக்குத்தான் இந்த வம்பு புரியும். எங்கள் பாலிசியில் ஒரு வரி இருக்கிறது. பலத்த காற்றில் கூரை போனால் கம்பெனி பொறுப்பில்லை. சூறாவளியில் போனால் பொறுப்பு. சூறாவளி என்றால் என்னவென்றும் அதிலேயே இருக்கிறது: தரையைத் தொட்டு, சுழன்று செல்லும் கடுங்காற்று. கடலிலிருந்து பேர் வைத்துக்கொண்டு, ரேடியோவில் நாள் சொல்லிவிட்டு வருகிற புயலுக்குத் தனி வரி உண்டு. அதையும் சூறாவளி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் சுற்றுவதுதான் என்பதால் மேடம் சண்டைக்குப் போக மாட்டார். எங்கள் தலைவலி சின்னதாக வருவது. தெரு அகலத்துக்கு, யாருக்கும் சொல்லாமல் வந்து, ஊற்றிவைத்த டீ ஆறுவதற்குள் போய்விடுவது. போன பிறகு அது சுற்றியதா, நேராக அடித்ததா என்று யாருக்குத் தெரியும்? கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தவனைக் கேட்டால் அவன் எதைக் கண்டான்?

அதைப் பார்த்துச் சொல்வதுதான் காம்பஸ் மேடத்தின் வேலை. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர். நான் கூடப் போய்ப் போட்டோ எடுப்பவன். இடிந்த சுவர்களையே எடுத்து எடுத்து, முழுசாக நிற்கிற வீட்டைப் பார்த்தால் இதில் எதை எடுப்பது என்று எனக்குத் திகைப்பாக இருக்கும்.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். காரிலிருந்து இறங்கியதும் ஆட்கள் ஓடி வருவார்கள். எல்லோர் வாயிலும் அந்த ஒரு வார்த்தைதான் இருக்கும். மேடம் கையை உயர்த்திவிடுவார். “கொஞ்சம் பொறுங்க. நான் பாத்து முடிக்கற வரைக்கும் யாரும் எதுவும் சொல்லாதீங்க.” அப்புறம் கைப்பையிலிருந்து திசை காட்டும் ஒரு பழைய காம்பஸை எடுப்பார். தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பார். விழுந்த மரம், கம்பம், தகரம், வேலி ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று, அது எந்தத் திசையைப் பார்த்துத் தலை சாய்த்திருக்கிறது என்று பார்ப்பார். வெயிலோ சகதியோ அவருக்கு ஒன்றுதான். நான்தான் பின்னால் முனகிக்கொண்டே போவேன்.

ஏமாற்றுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு அதில் ஒரு ரசனை உண்டு. ஒருவர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைச் சூறாவளி உருட்டிவிட்டதாகக் கண்ணீர் விட்டார். தொட்டிக்குப் பக்கத்துக் கொடியில் அவருடைய சட்டை ஒரே ஒரு கிளிப்பில் ஜம்மென்று தொங்கிக்கொண்டிருந்தது. “இவரு எப்படிங்க தப்பிச்சாரு?” என்று மேடம் சட்டையைக் காட்டிக் கேட்டார். அந்த மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. கீழே வந்து எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு நாற்றுப்பண்ணையில் பந்தல் பிய்ந்துபோனபோது, பலத்த காற்று என்றே எழுதிவிடும்படி மேனேஜர் ஜாடைமாடையாகச் சொன்னார். மேடம் சூறாவளி என்று எழுதினார். மேனேஜர் தலைகீழாக நின்று பார்த்தார், மேடம் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. கம்பெனி கொடுத்தது. யார் பக்கமும் சாயாத ஆள் என்று பேர் வந்தது. அந்தப் பேர் அவருக்கு உள்ளூரப் பிடித்திருந்தது என்பது என் எண்ணம். பிடிக்காமல் என்ன, அவரும் மனுஷிதானே.

அவருக்கு ஓர் அண்ணன். தச்சர். ரயில் பாதைக்குப் பின்னால் பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருவின் நடுவில், கதவும் ஜன்னலும் செய்கிற பட்டறை வைத்திருந்தார். அப்பா போனபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவின் உளியை எடுத்துக்கொண்டார். தங்கையைப் படிப்பிலிருந்து எடுக்கச் சொன்ன சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பினார். “நான் படிச்சது எங்கண்ணன் செஞ்ச கதவுல” என்று மேடம் சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இளகிவிடும்.

தலை நரைத்த பிறகும் அண்ணனுக்கு அவர் பாப்பாதான். மேடம் கல்யாணமாகி அடுத்த தெருவிலேயே குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அண்ணன் வீட்டில். எங்கள் கம்பெனியில் பட்டறைக்குப் பாலிசி எடுக்க வைத்ததும் மேடம்தான். “எனக்கெதுக்கு பாப்பா இதெல்லாம்” என்று சொல்லிக்கொண்டே, படித்துக்கூடப் பார்க்காமல் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாராம்.

நான் என் வீட்டுக்கு ஒரு கதவு அங்கே செய்யக் கொடுத்திருந்தேன். அதை எடுக்கப் போன ஞாயிற்றுக்கிழமை, சாப்பிடாமல் விட மாட்டேன் என்று அண்ணி பிடித்து உட்கார வைத்துவிட்டார். சாப்பாடு வருவதற்குள் அண்ணன் தங்கையைச் சீண்டினார்.

“அந்த வட்டப் பெட்டியைக் கையில வெச்சுக்கிட்டு அப்படி என்னதான் பாப்பா தேடற? வழி தெரியாத ஆளாட்டம்.”

மேடத்துக்குத் தொழிலைப் பற்றிக் கேட்டால் போதும். மேஜையில் கிடந்த ஸ்பூன்களை அள்ளினார். எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்த்து வரிசையாக வைத்தார். “இதுதாண்ணே நேர்க்காத்து. எல்லாம் ஒரே பக்கமா விழும்.” பிறகு அவற்றைக் கலைத்துவிட்டார். “சுத்தற காத்துன்னா இப்படி. நாலா பக்கமும் கிடக்கும்.”

“அவ்வளவுதானா? இதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?”

“இரு, இன்னும் இருக்கு” என்று மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அண்ணி பாத்திரத்தோடு வந்து, “அந்த ஸ்பூனையெல்லாம் இப்படிக் குடு. வந்த மனுஷனுக்குப் பரிமாறணும்” என்று வாரிக்கொண்டு போய்விட்டார். பேச்சு என் கதவின் கைப்பிடிக்குத் தாவியது. மிச்சத்தை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அது வந்தது அடுத்த மழைக்காலத்தில், ஒரு பிற்பகல். பட்டறைத் தெருவுக்கு மட்டும். இந்தப் பக்கம் ரயில் பாதையில் ஒரு கூழாங்கல் நகரவில்லை. அந்தப் பக்கம் கூரை என்று எதுவும் மிஞ்சவில்லை. இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்த நேரம். நல்லவேளையாக யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வானிலை அலுவலகம் மாலையில் ‘இடியுடன் கூடிய பலத்த காற்று’ என்று அறிவித்துவிட்டுப் போய்விட்டது. அவர்களுக்கு அந்தத் தெருவில் கருவி எதுவும் இல்லை, பாவம், என்ன செய்வார்கள். ஆனால் அந்த அறிவிப்பின்படி பார்த்தால் தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. டயர் ரீட்ரெடிங் கடைக்காரர், மாவு மில்காரர், வெல்டிங் பட்டறைக்காரர் எல்லோரும் எங்கள் பாலிசிதான். சேமிப்பு என்று யாரிடமும் கிடையாது. கூரை போடாவிட்டால் தொழில் கிடையாது.

மறுநாள் காலை கிளம்பும்போதே மேடம் மேனேஜரிடம் சொன்னார். “நடுவுல எங்கண்ணன் பட்டறை இருக்கு சார். சொந்தக்காரங்க கேஸை நான் எழுதக் கூடாது. வேற யாரையாவது அனுப்புங்க.” அந்த ஒரு பட்டறைக்கு மட்டும் மேனேஜர் அவசரம் சாரை அனுப்பினார். அவரும் சர்வேயர்தான். நல்ல மனிதர். எந்நேரமும் எந்த ரயிலையோ பிடிக்கப் போகிறவர் மாதிரியே இருப்பார், அதனால் அந்தப் பேர். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர் அண்ணன் பட்டறையைப் பார்த்து, ‘விழுந்தது விழுந்தபடி இருக்கிறது, எதையும் நகர்த்தவில்லை’ என்று அண்ணனிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வழியில் எங்களைப் பார்த்துக் காரை நிறுத்தி, “மேடம், உங்கண்ணன் இடத்துல எல்லாம் நாலா பக்கமும் கிடக்கு. சூறாவளிதான். எழுதிடறேன், கவலைப்படாதீங்க” என்றார்.

மேடம் தலையை ஆட்டினார். கண்டுகொண்ட மாதிரி தெரியவில்லை. தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரீட்ரெடிங் கடையிலிருந்து நடக்க ஆரம்பித்தோம். ஆட்கள் பின்னாலேயே வந்தார்கள். அவர் பேச வேண்டாம் என்று சொன்னதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தெருவின் இந்த வரிசையில் விழுந்த மரமெல்லாம் தெருவைப் பார்த்து விழுந்திருந்தது. அந்த வரிசையில் விழுந்ததும் தெருவைப் பார்த்துத்தான். நடுவில் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே கிடந்தன. தகரங்கள் கம்பங்களைச் சுற்றிக்கொண்டிருந்தன. மேடம் காம்பஸைப் பார்ப்பதும் மரத்தைப் பார்ப்பதுமாக நடையை வேகமாக்கினார். இத்தனை வருஷ வேலையில் அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. கூரை போனவர்கள் நடுவில் இப்படி மலரலாமா என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். குனிந்துகொண்டார். என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

“இழுத்திருக்கு பாருங்க. ரெண்டு பக்கத்துலேருந்தும் நடுவுக்கு இழுத்திருக்கு. இதுதாங்க அது.”

பிறகு அண்ணன் பட்டறை வாசலுக்கு வந்தோம்.

உள்ளே ஒரு பூ விரிந்த மாதிரி இருந்தது. பட்டறையை நடுவில் வைத்து, தகரங்கள் நாலு திசைக்கும் தள்ளிக் கிடந்தன. வேலியோரத்துச் சிறு மரங்கள் பட்டறைக்கு முதுகைக் காட்டி ஒவ்வொரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. பலகைகள்கூட வெளிப்பக்கம் பார்த்துத்தான். மேடம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் என் கண்ணுக்கும் ஒரு விஷயம் பட்டது. முற்றம் சுத்தமாக இருந்தது. துடைப்பத்தின் கீற்றுகள் ஈரமண்ணில் வரிவரியாகத் தெரிந்தன. சூறாவளி அடித்த முற்றத்தை யாரோ அக்கறையாகப் பெருக்கியிருந்தார்கள். இழுத்த தடம் தெரியாமல் இருக்க வேண்டுமே.

அதற்கப்புறம் எல்லாமே தெரிந்தது. தகரத்தில் சேறு தெறித்த பக்கம் கீழே இருந்தது. முறிந்த மரத்தின் அடிக்கட்டையில் சிம்புகள் தெருவைப் பார்த்து வளைந்திருக்க, மரம் மட்டும் கொல்லைப் பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தது. அண்ணி பட்டறை வராந்தாவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு மூட்டுவலி. அந்தக் காலோடு ராத்திரியெல்லாம் புருஷனுக்குத் தகரம் பிடித்திருக்கிறார்.

அண்ணன் ஓடி வந்தார். களைப்பில் கண் சிவந்திருந்தது. ஆனால் பரீட்சை நன்றாக எழுதிவிட்டு வந்தவர் மாதிரி ஒரு பெருமை.

“பாத்தியா பாப்பா. நாலா பக்கமும்.”

மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “ம்” என்றார். காம்பஸை மூடினார். “நான் மிச்சத் தெருவையும் பாத்துட்டு வரேண்ணே” என்று வெளியே வந்துவிட்டார். அடுத்து மாவு மில்லுக்குப் போனோம். மில்லிலும் எல்லாம் நடுவைப் பார்த்துத்தான் விழுந்திருந்தது.

காரில் ஏறிய பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார், அன்றைக்கு ஸ்பூன் போனதால் நின்றுபோன மிச்சத்தை. குடத்துத் தண்ணீரைத் தரையில் கொட்டினால் சுற்றிலும் பரவும் இல்லையா, அப்படி மேகத்திலிருந்து நேராகக் கீழே விழுந்து வெளியே பரவுகிற காற்று ஒன்று உண்டாம். அதில் விழுகிறவைதான் பூ மாதிரி விரிந்து கிடக்கும். அது சுற்றாது. சூறாவளி உள்ளே இழுக்கும். அதில் விழுகிறவை நடுவைப் பார்த்து, ஒன்றுக்கொன்று குறுக்கே விழும். அண்ணன் ராத்திரி முழுக்கக் கஷ்டப்பட்டு அடுக்கி வைத்திருப்பது, வந்தது சூறாவளி இல்லை என்பதற்கான சாட்சி.

“தலைமை ஆபீஸ்ல எல்லாப் படத்தையும் ஒண்ணா வெச்சுப் பாப்பாங்க. வானிலைக்காரங்க ஏற்கெனவே பலத்த காத்துன்னு சொல்லியாச்சு. தெருவுக்கு நட்டநடுவுல இப்படி ஒரு படம் இருந்தா, அதை வெச்சே மொத்தத் தெருவையும் தள்ளிடுவாங்க.”

“அப்ப அந்தப் படத்தை நான் எடுக்கவே இல்லன்னு வெச்சுக்குங்க மேடம்” என்றேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான். எனக்கு அவருடைய அண்ணனைப் பிடிக்கும். அவர் செய்த கதவு என் வீட்டில் சத்தமே போடாமல் மூடுகிறது.

“நடு இடத்துப் படம் இல்லன்னா அதைத்தான் முதல்ல கேப்பாங்க.”

“அண்ணனே, வழி வேணும்னு ஒதுக்கினேன்னு சொல்லிட்டா?”

“எதையும் நகர்த்தலன்னு கையெழுத்துப் போட்டிருக்காரே. அது பொய்னு ஆச்சுன்னா அவரு பாலிசியே செல்லாது.” மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “நான் சொல்லலன்னா தெரு போகும். சொன்னா எங்கண்ணன் போவாரு.”

அலுவலகத்துக்குப் போகும் திருப்பம் வந்தது. “வண்டியைத் திருப்புங்க” என்றார்.

பட்டறைக்குள் மரத்தூள் நனைந்து சேறாகிக் கிடந்தது. மேலே பார்த்தால் வானம். அண்ணன் இழைப்புளியைத் துருப்பிடிக்காமல் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன்.

“அண்ணே, நீ எதையெல்லாம் நகர்த்தின?”

அண்ணன் துணியைக் கீழே வைத்தார். முதலில் இல்லை என்றுதான் சொல்லப் பார்த்தார். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

“சூறாவளிதானே பாப்பா வந்துச்சு?”

“ஆமா.”

“அப்ப நான் என்ன பொய் சொன்னேன்?”

“வந்தது பொய் இல்லண்ணே. நீ எடுத்து வெச்சதுதான் பொய்.”

“நீ சொன்ன மாதிரிதானே வெச்சேன். நாலா பக்கமும்னு நீதானே சொன்ன. அந்த ஸ்பூனை வெச்சு.”

வாயில் வந்த வார்த்தையை எல்லாம் காம்பஸ் வைத்துப் பார்த்துச் சொல்கிற பெண், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஒரே ஒரு தடவை அரைகுறையாகச் சொல்லியிருந்தார். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள ஓர் ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தது அப்போது தெரியவில்லை.

“நான் எழுதித்தான் ஆகணும்ணே. நீ நகர்த்தினதையும் சேர்த்து. இல்லன்னா இந்தத் தெருவுல யாருக்கும் வராது.”

“எனக்கு?”

மேடம் தரையைப் பார்த்தார்.

“என் கூரையும்தானே போச்சு, பாப்பா” என்றார் அண்ணன். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவர் நிஜமாகவே விளங்காமல் கேட்டார். அண்ணி உள்ளேயிருந்து, “நான் வேண்டாம்னு சொன்னேன், கேட்டாத்தானே” என்று ஆரம்பித்தார். அண்ணன் கையைக் காட்டியதும் நிறுத்திக்கொண்டார். பிறகு அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இழைப்புளியை மறுபடியும் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

மேடம் எழுதினார். பட்டறைத் தெருவில் வீசியது சூறாவளி. நடுவில் உள்ள தச்சுப் பட்டறையிலும் அதுவே, அடிக்கட்டைகளின் சிம்புகளே சாட்சி. அங்கே கிடந்த பொருட்கள் உரிமையாளரால் பிறகு இடம் மாற்றப்பட்டவை, அவற்றைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அவசரம் சார் அதைப் படித்துவிட்டு, முதல் தடவையாக எந்த ரயிலுக்கும் போகாமல் மேடத்தின் எதிரில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். மேனேஜர் அன்று பேப்பர் படிக்கவில்லை.

தெரு முழுக்கப் பணம் வந்தது. மாவு மில்லில் நீலத் தகரம், வெல்டிங் பட்டறையில் பச்சை. அண்ணனுக்கு மறுத்துக் கடிதம் போனது. அவர் பழைய தகரங்களையே சம்மட்டியால் தட்டி நிமிர்த்தி, ஓட்டைகளை அடைத்து, மேலே ஏற்றினார். மேடம் தன் கையிலிருந்து கொடுக்கப் பார்த்தார். அவர் வாங்கவில்லை. புதுக் கூரை போட்டவர்கள் எல்லோரும் புதுக் கதவும் கேட்டதால் வேலைக்கு மட்டும் பஞ்சமில்லை. அந்தத் தெருக்காரர்கள் மேடத்தைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தங்கள் கூரை யாருடைய கூரையை விலையாகக் கொடுத்து வந்தது என்று அவர்களுக்கும் தெரியும், அதனால் அண்ணன் பட்டறைப் பக்கம் பார்க்காமல் கும்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை மேடம் நிறுத்தவில்லை. அண்ணிதான் பரிமாறுவார். தங்கை வருவதற்குள் அண்ணன் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவார். அடுத்த மழைக்காலம் வரைக்கும் இப்படியே போயிற்று. நானாக இருந்தால் ரெண்டாவது வாரமே போவதை விட்டிருப்பேன். அலுவலகத்தில் யார் எதைச் சூறாவளி என்று சொன்னாலும் மேடம் இப்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என்னை வரச்சொல்லியிருந்தார். செய்த கதவுகளைப் படம் எடுத்து வைத்தால் வாடிக்கையாளர்களுக்குக் காட்டலாமாம். எடுத்து முடித்ததும் அண்ணி வழக்கம்போல் சாப்பிட உட்கார வைத்தார். மேடமும் வந்தார். அண்ணன் எழுந்து போவார் என்று நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். அவர் போகவில்லை. மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்பூன்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். உப்பு டப்பாவை ஓர் ஓரத்தில் வைத்தார். “இது பட்டறை” என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. ஒரு ஸ்பூனை எடுத்து வைத்தார். சரியில்லை என்று நினைத்தோ என்னவோ, விரலால் துளி நகர்த்தினார். “இது கேட்டோரத்து மரம்.” அடுத்தது. “இது பெரிய தகரம்.” தச்சருடைய கண். ஒரு வருஷம் ஆகியும் எது எங்கே எந்தச் சாய்வில் கிடந்தது என்று மறக்கவில்லை. ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். வைத்து முடித்தபோது எல்லா ஸ்பூன்களும் தெருப் பக்கம் தலை நீட்டி, ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே கிடந்தன.

“காத்து நின்னதும் வெளிய வந்து பாத்தேன். இப்படித்தான் கிடந்துச்சு” என்றார். “ஒரே பக்கமாவும் இல்ல. நீ சொன்ன மாதிரி நாலா பக்கமாவும் இல்ல. எனக்குப் பயமாயிடுச்சு. பாப்பா சொன்ன மாதிரி இல்லயே, இதை யாரு சூறாவளின்னு ஒத்துக்குவாங்கன்னு.”

மேடம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை இப்படியே விட்டிருந்தா?” என்று கேட்டார் அண்ணன்.

“கிடைச்சிருக்கும்ணே.” மேடம் குறுக்கே கிடந்த ஒரு ஸ்பூனைத் தொட்டார். “இது ஒண்ணே போதும்ணே.”

மேடம் அழுதார். அழுது நான் பார்த்ததில்லை, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உப்பு டப்பாவைப் பார்த்தேன். அண்ணி பாத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை ஸ்பூனை அவர் கேட்கவில்லை.

அண்ணன் ஸ்பூன்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் துடைத்து, ஒன்றைத் தங்கையின் தட்டில் வைத்தார்.

“சாப்பிடு பாப்பா. ஆறிப்போவுது” என்றார்.